துரோகி என்று சொல்லுமுன்...

போர் வந்துவிட்டால் நாட்டில் இரண்டு சண்டைகள் நடக்கின்றன. ஒன்று, எல்லையில் நடக்கும் சண்டை. மற்றொன்று, வாயால் நடக்கும் சண்டை.

எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு எதிரி யார் என்று தெரியும். வாய்ச்சண்டை போடுகிறவர்களுக்கு அது மறந்து போகிறது. அடுத்த கட்சிக்காரரையே எதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

"சர்க்கார் செய்தது சரிதானா?" என்று ஒருவர் கேட்கிறார். "இவன் எதிரியின் கைக்கூலி!" என்கிறார் இன்னொருவர். "நீதான் நாட்டைக் காட்டிக் கொடுத்தவன்!" என்று பதில் வருகிறது. முதலில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வருவதில்லை.

இதனால் என்ன கெடுதல் வரும்? சரித்திரத்தைப் பார்ப்போம்.

பாரிசில் ஒரு கொலை

1914-ம் ஆண்டு. ஐரோப்பாவில் முதல் உலகப்போர் மூளும் நேரம்.

பிரான்சு நாட்டில் ழான் ழோரே என்று ஒரு தலைவர் இருந்தார். சோஷலிஸ்டுக் கட்சிக்காரர். பாராளுமன்ற உறுப்பினர். சிறந்த பேச்சாளர். "லூமானித்தே" என்ற பத்திரிகையை 1904-ல் தொடங்கியவரும் அவரே.

"போர் வேண்டாம். பேசித் தீர்க்க வழி இருக்கிறது" என்பது அவர் கட்சி. ராணுவத்தில் கட்டாய சேவையை 3 ஆண்டாக உயர்த்தும் சட்டம் 1913-ல் வந்தபோது, அதையும் அவர் எதிர்த்தார்.

அவருடைய கருத்து தவறு என்று வாதாடி இருக்கலாம். பலர் அப்படி வாதாடவில்லை. "இவர் ஜெர்மனியின் ஆள்" என்று எழுதினார்கள். "போர் தொடங்கினால் முதலில் இவரைத்தான் சுட வேண்டும்" என்கிற அளவுக்குப் பேச்சு முற்றியது. நாள்தோறும் பத்திரிகைகளில் இந்த வசை வந்தது.

அதைப் படித்து ரத்தம் கொதித்தவர்களில் ஒருவன், ரவுல் வில்லேன் என்ற வாலிபன். 1914 ஜூலை 31-ந் தேதி இரவு, பாரிசில் ஓர் உணவு விடுதியில் ழோரே நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று வில்லேன் சுட்டான். ழோரே அங்கேயே இறந்தார்.

மூன்று நாளில் ஜெர்மனி பிரான்சின் மீது போர் தொடுத்தது. அப்போது ழோரேயின் கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆகஸ்டு 4-ந் தேதி, போர்ச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவை ஆதரித்தார்கள். அந்த மாதமே அவர்களில் இருவர் மந்திரிகளாகி, நாட்டைக் காக்கும் பொறுப்பில் பங்கு ஏற்றார்கள்.

துரோகிகள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் துரோகிகள் அல்ல! ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

கொடுமை அத்தோடு முடியவில்லை. போர் முடிந்தபின், 1919-ல் வழக்கு நடந்தது. கொலைகாரன் விடுதலை ஆனான். வழக்குச் செலவு ழோரேயின் மனைவி தலையில் விழுந்தது! கணவனைப் பறிகொடுத்தவளே செலவையும் கட்ட வேண்டும் என்றால், அந்த நாட்டில் பகைமை எவ்வளவு தூரம் கண்ணை மறைத்திருக்க வேண்டும்!

லண்டனில் ஒரு விவாதம்

அப்படியானால் போர்க்காலத்தில் யாரும் வாய் திறக்கவே கூடாதா? கூடாது என்று சொல்ல மாட்டோம். பேசத்தான் வேண்டும். எப்படிப் பேசுவது என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது.

1940-ம் ஆண்டு. இரண்டாவது உலகப்போர். ஏப்ரல் மாதத்தில் ஹிட்லரின் படை நார்வே நாட்டுக்குள் புகுந்தது. தடுக்கப் போன பிரிட்டிஷ் படை பல இடங்களில் தோற்றுத் திரும்பியது.

மே 7, 8 தேதிகளில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அப்போது பிரதம மந்திரி சேம்பர்லின்.

எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமா தாக்கினார்கள்? சொந்தக் கட்சிக்காரர்களும் தாக்கினார்கள். கடற்படைத் தளபதியாக இருந்த ரோஜர் கீஸ் என்ற உறுப்பினர், தம்முடைய ராணுவ உடையிலேயே வந்து குறைகளை எடுத்துச் சொன்னார். சேம்பர்லினுடன் பல காலம் பழகிய அமெரி என்பவரே, "பதவியை விட்டு விலகும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

இரண்டாவது நாள் சேம்பர்லின் ஒரு பிழை செய்தார். "இந்தச் சபையில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்" என்றார். நாட்டின் உயிர்ப் பிரச்சினையை, தமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்காக மாற்றிவிட்டார். பழைய பிரதமர் லாயிட் ஜார்ஜ் எழுந்தார். "பிரதம மந்திரிக்கு யார் நண்பர் என்பது அல்ல இப்போது கேள்வி. விஷயம் அதைவிடப் பெரியது" என்று இடித்துக் காட்டினார்.

ஓட்டெடுப்பில் சர்க்காருக்கு 281 ஓட்டு. எதிராக 200. சர்க்கார் ஜெயித்ததுதான். ஆனாலும் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஏறத்தாழ 40 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். சேம்பர்லின் பதவி விலகினார். மே 10-ந் தேதி சர்ச்சில் பிரதமர் ஆனார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் மந்திரி சபையில் சேர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

"நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களைத் தண்டிக்க வேண்டும்" என்று கூச்சல் எழுந்தது. சர்ச்சில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "நேற்றைக்கும் இன்றைக்கும் சண்டை மூட்டினால், நாளையை இழந்துவிடுவோம்" என்ற கருத்தை ஜூன் 18-ந் தேதி பாராளுமன்றத்தில் சொன்னார். சேம்பர்லினைத் தம் மந்திரி சபையிலேயே வைத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் சேம்பர்லின் இறந்தபோது, அவருடைய நேர்மையைச் சபையில் புகழ்ந்து பேசினார்.

இத்தனைக்கும் சேம்பர்லினின் கொள்கையைப் பல ஆண்டுகளாகக் கடுமையாக எதிர்த்தவர் இதே சர்ச்சில்தான்! கொள்கையை எதிர்த்தார். மனிதரைத் துரோகி ஆக்கவில்லை.

நம் நாட்டில்

1962 அக்டோபர் 20-ந் தேதி சீனப்படை நம் எல்லையில் பெரும் தாக்குதல் தொடங்கியது. 26-ந் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் ஆனது. அந்த நேரத்திலும் பாராளுமன்றம் கூடியது. நவம்பர் 8-ந் தேதி முதல் விவாதம் நடந்தது. நேருவின் சர்க்காரை உறுப்பினர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். ராணுவ மந்திரியாக இருந்த கிருஷ்ண மேனன் பதவி இழந்தார். ஆனாலும் நவம்பர் 14-ந் தேதி, நாட்டைக் காக்கும் உறுதித் தீர்மானத்தை உறுப்பினர்கள் எழுந்து நின்று நிறைவேற்றினார்கள்.

திராவிட நாடு கேட்ட அண்ணாவும், காங்கிரசை எதிர்த்து வந்தவர்தான். போர் வந்ததும் சர்க்காருக்கு ஆதரவு தருவதாக அறிவித்தார். பிரிவினைக் கோரிக்கையையும் பிறகு கைவிட்டார். எதிர்க்கட்சி என்றால் எதிரி என்று பொருள் அல்ல என்பதற்கு இது சாட்சி.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. சீன வம்சத்தில் பிறந்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, குழந்தை குட்டிகளோடு பல குடும்பங்கள் ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டன. சந்தேகம் தலைக்கு ஏறினால் நிரபராதிதான் முதலில் அடிபடுவான்.

நாம் செய்ய வேண்டியது

கேள்வி கேட்பது குற்றம் அல்ல. சிப்பாய்க்குக் குளிர் தாங்கும் உடை போய்ச் சேர்ந்ததா, துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று கேட்பவன், அந்தச் சிப்பாய்க்காகத்தான் கேட்கிறான்.

சர்க்கார் பக்கம் பேசுவதும் குற்றம் அல்ல. அப்படிப் பேசுகிறவரை "விலைபோனவர்" என்று சொல்வதும், கேள்வி கேட்பவரைத் "துரோகி" என்று சொல்வதும் ஒரே தவறுதான்.

எதிரிக்கு ரகசியம் விற்றவன் துரோகி. அதற்குச் சாட்சி வேண்டும். விசாரிக்கக் கோர்ட்டு இருக்கிறது. தெருமுனையில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியது இல்லை.

ஆகவே, போர்ச் செய்தி வரும் நாளில் வீட்டிலோ டீக்கடையிலோ பேச்சு எழுந்தால், ஒன்றை மட்டும் நினைவில் வைப்போம். "அவர் சொன்னது உண்மையா, பொய்யா?" என்று கேட்போம். "அவர் எந்தக் கட்சி?" என்று கேட்க வேண்டாம்.

போர் என்றைக்காவது முடியும். அதன் பிறகும் இதே தெருவில், இதே மனிதர்களோடுதான் நாம் வாழவேண்டும்.