எழுந்து நடக்கும்வரை துணை

பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவருக்கு முதல் சில வாரங்கள்தான் உயிர்நாடி. படுத்தே கிடந்தால் தசை கரையும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் நிலைத்துவிடும்.

இங்கிலாந்தில் இந்தக் காலத்துக்கென்றே வீட்டுப் பராமரிப்பு உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆறு வாரம் வரை அதற்குக் கட்டணமில்லை. நன்றாகப் பயின்ற ஊழியர் சட்டையைத் தாமே மாட்டிவிடுவதில்லை. செயலிழந்த கையை முதலில் நுழைக்கச் சொல்லி, கால் மணி நேரமானாலும் பக்கத்திலேயே காத்து நிற்கிறார். அந்தப் பொறுமையில்தான் பராமரிப்பின் தரம் இருக்கிறது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுப் போகிறவர், நோயாளியைப் படுக்கையோடு கட்டிப்போடுகிறார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் ஊழியர்கள் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்ற கணக்கு போதாது. எத்தனை பேர் பிறர் கைத்தாங்கல் இல்லாமல் கழிப்பறைக்குப் போய்வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். நம் வீடுகளில் பாசமே பல நேரம் தடையாகிறது: தானே சாப்பிடக்கூடிய அம்மாவுக்கு மகள் ஊட்டிவிடுகிறார். குடும்பத்தாருக்கும் பயிற்சி அவசியம்.

நோயாளி மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பகுதி பிசியோதெரபிஸ்டுக்குத் தகவல் போக வேண்டும். முதல் ஆறு வாரம் வருகைகள் நெருக்கமாக அமைய வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தும் செலவையும் அரசே ஏற்கலாம்.