எரிபொருள் கான்: தடைபோடத் தெரிந்தவர்கள் சொல்லித்தராதவை

2022 யூன் 18ஆம் திகதி, முல்லைத்தீவு விசுவமடுவில் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற மக்களுக்கும் அங்கு காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த இராணுவத்தினருக்கும் இடையில் ஏற்பட்ட முறுகல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இரு தரப்பிலும் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் வரிசை இருந்தது. ஆனால் ஆயுதம் தாங்கியவர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பது வன்னி மக்களுக்குப் புதிய அனுபவம் அல்ல.

அந்த நாட்களில் ஒரு சாதாரண பிளாஸ்ரிக் கானே குற்றப் பொருளாகியிருந்தது. வாகனத் தாங்கிக்குள் மட்டுமே எரிபொருள் நிரப்பலாம், கான்களுக்கும் பரல்களுக்கும் வழங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. பதுக்கலையும் கறுப்புச் சந்தையையும் தடுக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் பிழையானதல்ல. ஆனால் அது வாகனத்தை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்ட உத்தரவு. வடக்கிலும் கிழக்கிலும் எரிபொருள் தேவைப்படும் இயந்திரங்களில் பல, நிரப்பு நிலையத்துக்கு வரக்கூடியவை அல்ல. படகின் வெளியிணைப்பு இயந்திரம் கரையில் கிடக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் கிணற்றடியில் நிற்கும். மின்பிறப்பாக்கி வீட்டுக் கோடிக்குள் இருக்கும். இவற்றுக்கு எரிபொருள் போக ஒரே வழி கான்தான்.

பிறகு கடற்றொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் அனுமதிக் கடிதங்கள் கொடுக்கப்பட்டன. நான் பார்த்த கடிதங்களில் பெயர் இருந்தது, தேவை இருந்தது, எத்தனை லீற்றர் என்பது இருந்தது. எந்தக் கொள்கலனில் என்பது இருக்கவில்லை.

கடிதம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளின் தாங்கியை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சி, சோடாப் போத்தல்களில் நிரப்பினார்கள். அதைக் கட்டிலுக்குக் கீழேயும் குசினி மூலையிலும் வைத்தார்கள். தடை கானை ஒழிக்கவில்லை. வெளிச்சத்தில் இருந்த கானை இருட்டுக்குள் தள்ளியது.

எரிபொருளை மறைத்து வைப்பதும் காவிச் செல்வதும் எங்கள் மக்களுக்கு 2022இல் பழகிய விடயங்கள் அல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபோது வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள் முதன்மையானது. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. ஒரு தலைமுறை அந்த விளக்கில்தான் படித்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின; இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சில துளி பெற்றோல். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து போய் வந்தவர்களுக்கு ஒரு கான் எண்ணெயின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வரலாற்றில் ஒரு விடயத்தை நாங்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தடைக்காலம் எங்களுக்குப் பழக்கியது மண்ணெண்ணெயை. வீட்டில் இருந்தது மண்ணெண்ணெய், கானில் வந்தது மண்ணெண்ணெய். பெற்றோல் துளிக்கணக்கில்தான் கிடைத்தது. இன்று வீடுகளுக்கு வரும் சிறிய மின்பிறப்பாக்கிகள் பெரும்பாலும் பெற்றோலில் ஓடுபவை. மண்ணெண்ணெயோடு பழகிய கைப்பழக்கத்தோடேயே நாங்கள் பெற்றோலையும் கையாளுகிறோம். ஆபத்து இருப்பது அங்கேதான்.

வித்தியாசம் சின்னதல்ல. ஒரு திரவம் தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவியை வெளிவிடத் தொடங்கும் வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பார்கள். மண்ணெண்ணெய்க்கு அது ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல். டீசலுக்கு 50 பாகைக்கு மேல். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை. அதாவது எங்கள் நாட்டில் எந்த நாளும், எந்த நேரமும், திறந்த பெற்றோல் கானைச் சுற்றித் தீப்பிடிக்கக்கூடிய ஆவி இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போய்க் கலைந்துவிடாது; தண்ணீரைப் போல நிலத்தோடு ஊர்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். படகின் அடித்தட்டில் தேங்கும். வாசற்படி தாண்டிக் குசினிக்குள் போகும். காற்றில் ஒன்றரை வீதமளவு கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் கொட்டினால் துடைத்துவிட்டு அடுப்பு மூட்டிப் பழகியவர்கள், பெற்றோல் கொட்டிய இடத்திலிருந்து பல அடி தள்ளி எரியும் விளக்கு எப்படிப் பற்ற வைத்தது என்று பிறகு அதிர்ச்சியடைகிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் வீதிகளையும் ஒரே வீச்சில் துண்டித்தது. இப்படியொரு வாரத்தை அனுபவித்தவர்கள் மின்பிறப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது என்றுதான் நினைப்பார்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. ஏழைகளின் எரிபொருள் என்ற பெயர் அத்தோடு போனது. மண்ணெண்ணெயை விட்டுப் பெற்றோலுக்குப் போவதில் இருந்த தயக்கமும் குறைந்தது.

மேலதிக எரிபொருளைப் பாதுகாப்பாகக் கொண்டு செல்வது பற்றி இணையத்தில் தேடினால் ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கும். பெரும்பாலானவை விடுமுறைக்குக் காட்டில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. முகாம் என்ற சொல் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்களுக்கு அது வேறு. ஆனாலும் அவற்றில் உள்ள பௌதிகம் எங்களுக்கும் பொதுவானதுதான்.

முதலில் கான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஜேர்மன் இராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட 20 லீற்றர் இரும்புக் கானை இன்றைக்கும் உலகம் பாவிக்கிறது. 'ஜெரி கான்' என்ற பெயரே ஜேர்மனியரைக் குறிக்கும் பிரித்தானியப் பட்டப்பெயரிலிருந்து வந்தது. அதன் வடிவத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. சாதாரணமாக எவ்வளவு நிரப்பினாலும் மேலே கைபிடிப் பக்கத்தில் கொஞ்சம் காற்று இடம் மிஞ்சும். பெற்றோல் வெயிலில் விரியும். 20 லீற்றர் பெற்றோல் 20 பாகை கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் கூடும். விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடிய கானுக்கு அந்த 400 மில்லிலீற்றர் போக இடமில்லை. மூடியால் கசியும், அல்லது கான் வெடிக்கும். கொடுத்த காசுக்கு முட்ட முட்ட நிரப்ப வேண்டும் என்று நிற்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இருபதில் ஒரு பங்கையாவது வெறுமையாக விடுங்கள்.

எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட தடித்த பிளாஸ்ரிக் கானும் நல்லதுதான். தேங்காய் எண்ணெய் வந்த கான், தண்ணீர்க் கான், சோடாப் போத்தல் ஆகியவை அதற்கானவை அல்ல. மூடி ஆவியை அடைக்காது, நசிந்தால் பிளக்கும். அதைவிட மோசமான விடயம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் இருந்த சோடாப் போத்தலைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த குழந்தைகளை எங்கள் வைத்தியசாலைகள் காலங்காலமாகக் கண்டு வருகின்றன. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் உயிரை எடுப்பது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவது ஒன்றே வழி. குழாயை வாயால் உறிஞ்சும் பெரியவர்களுக்கும் இதே ஆபத்துத்தான். கையால் பிழியும் சிறிய பம்பிகள் கடைகளில் இருக்கின்றன.

நிரப்பும்போது கானை நிலத்தில் வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் இருக்கையிலோ வாகனத்தின் பின்தட்டிலோ வைத்து நிரப்பும்போது, எரிபொருள் பாயும் வேகத்தில் உண்டாகும் நிலைமின் வெளியேற வழியின்றிச் சேரும். ஒரு சிறு பொறி போதும். குழாய் முனை கானின் வாயில் பட்டுக்கொண்டிருக்கட்டும். கைத்தொலைபேசியை அணைக்கச் சொல்லும் அறிவிப்பு எல்லா நிலையங்களிலும் தொங்குகிறது. கானை நிலத்தில் வைக்கச் சொல்லும் அறிவிப்பை நான் எங்கும் கண்டதில்லை.

கொண்டு போகும்போது கான் நிமிர்ந்து, கட்டப்பட்டு, வெயில் படாமல் இருக்க வேண்டும். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் மற்றப் பொருட்களோடு உருள விடுவதும், மோட்டார் சைக்கிளில் சைலன்சர் பக்கமாகத் தொங்கவிடுவதும் வழக்கமாகக் காணும் காட்சிகள். பஸ்ஸுக்குள் கொண்டு போகவே கூடாது. ஒரு பையில் மறைத்துக்கொண்டு ஏறுபவர் ஐம்பது பேரின் உயிரைக் கையில் வைத்திருக்கிறார். மின்பிறப்பாக்கியையே வாகனத்தில் ஏற்றுவதானால் அதன் எரிபொருள் வால்வை மூடி, முடிந்தால் தாங்கியை வெறுமையாக்கிவிட்டு ஏற்ற வேண்டும்.

வீட்டில் கானுக்கு இடம் வெளியேதான். காற்றோட்டமுள்ள, நிழலான, பூட்டக்கூடிய கொட்டில் போதும். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே நிறக் கான் வேண்டாம். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்குக்கு விட்டால் அது விளக்காக இருக்காது. பெற்றோலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம், பழுதாகும்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்பிறப்பாக்கிக்குள் எரிபொருள் விடுவதால்தான் பல தீக்காயங்கள் வருகின்றன. நிறுத்தி, பதினைந்து நிமிடமாவது ஆறவிட்டு, பிறகே ஊற்ற வேண்டும். மழை பெய்கிறது என்று அதை விறாந்தைக்கோ குசினிக்கோ கொண்டு வருபவர்களை இன்னொரு ஆபத்துச் சூழ்கிறது. அதன் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையிலேயே உயிர் போகும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் பெற்றோல் தண்ணீரில் மிதந்து பரவும். மண் போடுங்கள். எரிந்த உடம்புக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசையோ மாவோ அல்ல.

இவற்றில் எதுவும் பெரிய செலவுள்ள வேலை அல்ல. ஆனால் இதைத் தமிழில், கிராமத்தில், மாரி தொடங்க முன்னர் யார் சொல்லித் தருவது? அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகள் வெள்ளத்தைப் பற்றியும் புயலைப் பற்றியும் கூட்டம் வைக்கிறார்கள். அதே கூட்டத்தில் கானைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். எரிபொருள் நெருக்கடி மீண்டும் வந்தால் பிரதேச செயலகங்கள் கொடுக்கும் கடிதத்தில், லீற்றர் கணக்குக்குக் கீழே கொள்கலனுக்கும் ஒரு வரி சேர்க்கலாம். அப்படிக் கேட்பதானால் உரிய கான் கைக்கெட்டும் விலையில் கிடைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அது ஏழைகளைத் திருப்பி அனுப்ப இன்னொரு சாட்டாகிவிடும். கடற்றொழிலாளர் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் வலையையும் உரத்தையும் தவணைக்குக் கொடுத்து அனுபவமுள்ளவை. ஒரு படகுக்கு இரண்டு நல்ல கான் என்று அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.