3 சாம்பியன் பட்டம், ஆண்டுக்கு 40 லட்சம் டாலர்... ஆண்கள் அணி மட்டும் ஏன் எட்டவில்லை? யார் இந்த டான் ஸ்டேலி?

2025 ஜூன் மாதம் நியூயார்க் நிக்ஸ் அணி தன் தலைமைப் பயிற்சியாளர் டாம் திபோடோவை நீக்கியது. அடுத்து யார் என்ற தேடலில் அந்த அணி நேர்காணலுக்கு அழைத்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். அவர் டான் ஸ்டேலி, சவுத் கரோலினா பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணியின் கோச். ஜூலையில் வேலை மைக் பிரவுனுக்குப் போனது. அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனா ஸ்டேலி ஒரு பாட்காஸ்டில் அந்த நேர்காணலைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட்டார். வேலை கொடுத்திருந்தால் கட்டாயம் ஏற்றுக்கொண்டிருப்பேன் என்றார்.

அதைவிட முக்கியமானது, நேர்காணலில் அவர் திருப்பிக் கேட்டது. என்பிஏ-வின் முதல் பெண் தலைமைப் பயிற்சியாளரா என்னை எடுத்தால் உங்க அன்றாட வேலை எப்படி மாறும்? தொடர்ந்து சில ஆட்டங்கள் தோற்றால் பேச்சு ஆட்டத்தைப் பற்றி இருக்காது, நான் பெண் என்பதைப் பற்றித்தான் இருக்கும். அதுக்கு நீங்க தயாரா? இதைக் கேட்டதே தன் வாய்ப்பைக் கெடுத்திருக்கலாம் என்று அவரே நினைக்கிறார். அது சரியா தவறா என்பது நிக்ஸ் நிர்வாகத்துக்குத்தான் தெரியும். கேள்வி மட்டும் நியாயமானது.

முதலில், யார் இவர்?

1970-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் அரசுக் குடியிருப்பில், பையன்களோடு கூடைப்பந்து ஆடி வளர்ந்தவர். உயரம் சுமார் ஐந்தரை அடிதான். கூடைப்பந்தில் அது குள்ளம். ஆனா பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்துபவருக்கு, உயரத்தைவிடக் கண்ணும் மூளையும்தான் முக்கியம்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1990, 91, 92 என மூன்று ஆண்டும் தொடர்ச்சியாக அணியை ஃபைனல் ஃபோருக்கு, நம்ம பாஷையில் அரையிறுதிக்கு, கொண்டுபோனார். ஒருமுறைகூடப் பட்டம் கிடைக்கவில்லை. 1991 இறுதிப்போட்டியில் டென்னசியிடம் கூடுதல் நேரத்தில் 70-67 எனத் தோல்வி. வேடிக்கை என்னன்னா, தோற்ற அணியில் ஆடிய ஸ்டேலிக்குத்தான் தொடரின் சிறந்த வீராங்கனை விருது. பிறகு 1996, 2000, 2004 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். 2004 ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவரும் இவரே.

கோச் ஆகணும்னு ஆசையே இல்லை!

2000-ல் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகமான டெம்பிள் அழைத்தபோது முதலில் அவருக்கு விருப்பமே இல்லை. ஆடிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பயிற்சியாளர் வேலை எதற்கு? கடைசியில் ஏற்றுக்கொண்டார், ஆனால் ஆட்டத்தையும் விடவில்லை. 2006 வரை கோடைக்காலத்தில் டபிள்யூஎன்பிஏ வீராங்கனை, குளிர்காலத்தில் கல்லூரி கோச். இன்றைக்கு யாராவது இப்படி இரண்டு வேலை பார்த்தால் ஒப்பந்த வக்கீல்களே மயங்கி விழுவார்கள்.

டெம்பிளில் 8 சீசன், அதில் 6 முறை தேசியத் தொடருக்குத் தகுதி. 2008-ல் சவுத் கரோலினா. அங்கே முதல் சீசன் 10 வெற்றி, 18 தோல்வி. அரங்கில் காலி இருக்கைகள்தான் அதிகம். அதே அணிதான் 2014-15 சீசனில் இருந்து ஆண்டுதோறும் அமெரிக்க மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிகப் பார்வையாளர்களை ஈர்த்தது.

திருப்புமுனை ஏஜா வில்சன். கொலம்பியா நகருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பெண். நாட்டின் எந்தப் பெரிய கல்லூரியும் அவரை அள்ளிக்கொண்டு போயிருக்கும், ஆனால் 2014-ல் ஸ்டேலியிடம் சேர்ந்தார். 2017-ல் மிசிசிப்பி ஸ்டேட்டை 67-55 என வீழ்த்தி முதல் பட்டம். 2021-ல் அரங்கத்துக்கு வெளியே வில்சனுக்குச் சிலை திறந்தார்கள். தன் பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடக்கவே முடியாது, சுற்றித்தான் போகணும் என்று அன்று வில்சன் சொன்னார். அந்த மண்ணில் ஒரு கறுப்பினப் பெண் கோச் அரங்கத்தை நிரப்புவது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

2022-ல் யூகான் அணியை 64-49 எனத் தோற்கடித்து இரண்டாவது பட்டம். அதுவரை இறுதிப்போட்டியில் யூகான் தோற்றதே கிடையாது, 11-க்கு 11 வெற்றி! ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஆனார் ஸ்டேலி. 2023-ல் தோல்வியே இல்லாமல் வந்து, அரையிறுதியில் 41 புள்ளி குவித்த கெய்ட்லின் கிளார்க்கின் அயோவாவிடம் விழுந்தார். அந்த அணியின் ஐந்து தொடக்க வீராங்கனைகளும் வெளியேறினார்கள். முழுசா புது ஐவரோடு அடுத்த சீசன்: 38 ஆட்டம், 38 வெற்றி, இறுதியில் அதே அயோவாவை வென்று மூன்றாவது பட்டம். என்னைக் கேட்டால் அவருடைய மிகப் பெரிய சாதனை இதுதான்.

காசு எங்கே போகுது?

அந்த 2024 இறுதிப்போட்டியை அமெரிக்காவில் சராசரியாக 1.89 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிக்கு சுமார் 1.48 கோடி. பெண்கள் இறுதி ஆண்களை முந்தியது அதுவே முதல்முறை.

இப்போ ஒளிபரப்புப் பணத்தைப் பாருங்க. ஆண்கள் தொடருக்கு ஆண்டுக்கு சுமார் 110 கோடி டாலர். பெண்கள் தொடரின் மதிப்பு, 2024-ல் போட்ட ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு சுமார் 6.5 கோடி டாலர். ஏறக்குறைய 17 மடங்கு வித்தியாசம். பெண்கள் தொடரில் ஜெயிக்கும் அணிகளின் கூட்டமைப்புகளுக்குப் பரிசுப்பங்கு தருவதே 2025-ல்தான் தொடங்கியது.

2021-ல் இன்னும் மோசம். ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு ஒரு சின்ன டம்பெல் அடுக்கு. ஓரிகான் வீராங்கனை ஒருவர் போட்ட வீடியோ வைரலானது. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரையே அப்போது ஆண்கள் தொடருக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்கள். நிர்வாக அமைப்பான என்சிஏஏ-வைக் கடுமையாகச் சாடி அறிக்கை விட்டவர்களில் ஸ்டேலி முக்கியமானவர். அதே ஆண்டு 7 வருடத்துக்கு 2.24 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். 2025 ஜனவரியில் அது ஆண்டுக்கு 40 லட்சம் டாலராக உயர்ந்தது. மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் அதுவே அதிகம். கான்சாஸ் ஆண்கள் அணியின் பில் செல்ஃப் வாங்குவது 80 லட்சத்துக்கும் மேல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

ஒருவழிக் கதவு

கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் 9’ சட்டம் 1972-ல் வந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கு 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டத்தால் நிதியும் சம்பளமும் வந்தன, கூடவே ஆண்களும் வந்தார்கள். இன்று பெண் பயிற்சியாளர்கள் பாதிகூட இல்லை. அதில் தப்பு இல்லை, திறமை இருந்தால் யாரும் வரலாம் என்று வாதிடலாம். சரி, அப்போ அதே வாதம் எதிர்த்திசையில் ஏன் வேலை செய்யவில்லை?

என்பிஏ-வில் இதுவரை எந்தப் பெண்ணும் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. பெக்கி ஹேமன் 2020 டிசம்பர் 30 அன்று ஒரு ஆட்டத்தில் சான் அன்டோனியோவை வழிநடத்தினார், அதுவும் தலைமைப் பயிற்சியாளர் போபோவிச்சை நடுவர் வெளியேற்றியதால். பிறகு அவர் லாஸ் வேகாஸ் மகளிர் அணிக்குப் போய் 2022-லேயே கோப்பையைத் தூக்கினார்.

ஸ்டேலிக்கு எதிராகச் சொல்லக்கூடிய நேர்மையான வாதமும் உண்டு. கல்லூரி வேறு, என்பிஏ வேறு. 82 ஆட்ட சீசன், கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்கள், வேறு விதிகள். கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த பல ஆண் கோச்கள் அங்கே போய்ச் சறுக்கியிருக்கிறார்கள். ஆனா அவர்களுக்குச் சறுக்குவதற்கான வாய்ப்பாவது கிடைத்தது, இல்லையா? நிக்ஸ் நேர்காணலில் ஸ்டேலி கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

சவுத் கரோலினாவுடன் அவருடைய ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை இருக்கிறது. கொலம்பியா நகரில் 2025 ஏப்ரலில் அவருக்கும் ஒரு சிலை வைத்துவிட்டார்கள்.