தெருவைக் கேட்டால் சீட்டைக் காட்டு

போன மாசம் ஒரு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று ரயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சீருடைக்காரர் ஒருவர் வந்தார். சீட்டைக் கேட்கவில்லை. “எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்றார். தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன. பத்து ரூபாய் பிளாட்பாரச் சீட்டை நீட்டினேன். 2 மணி நேரம் அது செல்லும். பேசாமல் போய்விட்டார்.

செங்கோட்டைக்காரனுக்கு ரயில் கிறுக்கு இல்லாமல் இருக்குமா? 1904இல் மலையைத் தாண்டிய மீட்டர்கேஜ் 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. ஆரியங்காவு தாண்டி இருக்கிற பதிமூணு கண் பாலத்தைக் கொல்லம் ரோட்டோரம் நின்றாலே முழுசாகப் பார்க்கலாம். நம்ம பையன்களோ பாலத்து மேலேயே ஏறி செல்பி எடுக்கிறார்கள். 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி அதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சட்டத்தை விடுங்கள். 2015இல் கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். கொலைதான் என்று நீதிமன்றம் தண்டிக்க 2022 ஆச்சு. தண்டவாளத்தில் கிடக்கிற நம் உடலுக்கு எந்தக் கதையையும் எழுதிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிற நாடு இது. ஒரு படத்துக்காக அங்கே போய் நிற்காதீங்க தோழர்களே.

பிளாட்பாரத்தில் நில்லுங்க. சீட்டு கையில் இருக்கட்டும், பிளாஷ் வேண்டாம். வண்டி போனதும் கேமராவை இறக்கிவிடாதீங்க. சுத்தியலோடு வெயிலில் நடந்து வருகிற கேங்மேனிடம் கேட்டுவிட்டு அவரையும் எடுங்க. இத்தனை வருஷமாக நான் எடுத்த படங்களில் ஒன்றில்கூட அவர் இல்லை.