மினி பில் போடுறீங்களா? மணியைப் பாருங்க

தாய்ப்பால் கொடுப்பவர்கள், ஈஸ்ட்ரோஜென் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் எழுதித் தருவது, புரோஜெஸ்டோஜென் மட்டுமே உள்ள 'மினி பில்'. நல்ல மாத்திரைதான். ஆனால், நேரம் தவறினால் மன்னிக்காது.

எவ்வளவு தாமதிக்கலாம் என்பது மருந்தைப் பொறுத்தது. டெசோஜெஸ்ட்ரல் என்றால் 12 மணி நேரம். லெவோநார்ஜெஸ்ட்ரல், நாரெதிஸ்டிரோன் என்றால் வெறும் 3 மணி நேரம். காலை 8 மணி மாத்திரையை மீட்டிங் அவசரத்தில் மறந்து, 11.30-க்கு ஞாபகம் வந்தால் கெடு முடிஞ்சுபோச்சு. அதனால் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படிங்க. 'எல்லாம் ஒண்ணுதான்' என்று கடையில் வேறொன்றை நீட்டினால் வாங்காதீங்க.

கெடு தாண்டிவிட்டதா? ஞாபகம் வந்ததும் ஒன்று போடுங்க, அடுத்ததை வழக்கமான நேரத்தில். 2 நாளைக்கு ஆணுறை கட்டாயம். அதற்குள் பாதுகாப்பின்றி உறவு நடந்திருந்தால், தயங்காமல் டாக்டரிடம் போங்க. போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அதுவும் போடாத கணக்குதான். இந்த வகைகளில் 7 நாள் இடைவெளியும் கிடையாது. அட்டை முடிந்த மறுநாளே புது அட்டை.

இன்னொன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் ஆகியவை இதன் பலனைக் குறைத்துவிடும். அந்தச் சிகிச்சை தருபவர் கருத்தடை பற்றிக் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிடுங்க. வேறு வழி கேளுங்க.