மேடை ஏறலாம், நாற்காலியில் உட்காரக் கூடாதாம்!

காலேஜில் சமத்துவ நாடகம் ஒன்று நடத்திவிட்டால் பேதமெல்லாம் ஒழிந்ததாகச் சில கனவான்கள் திருப்தியடைகிறார்கள். நாடகத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு சங்கதியை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு சர்வகலாசாலையின் கறுப்பின மாணவர் நாடகக் குழு, 1949-ல் அழைப்பின் பேரில் நார்வேக்குப் போய், இப்சன் பிறந்த அந்நாட்டிலேயே அவருடைய ‘காட்டு வாத்து’ நாடகத்தை நடித்தது. சொந்த ஊரிலோ? நேஷனல் தியேட்டரில் கறுப்பர் மேடையேறி நடிக்கலாம். காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்கக் கூடாது! நடிகர் சங்கத்தார் இதை எதிர்க்கவே, சமமாக உட்கார வைப்பதைவிட நாடகத்தையே நிறுத்துவது மேலென்று 1948-ல் அதைச் சினிமாக் கொட்டகையாக்கிவிட்டார்கள். என்னே இவர்களது கலாபிமானம்! 1952-ல்தான் எல்லோருக்குமாக நாடகம் திரும்பியது.

படித்தவர்களாவது மேலா? அதே ஊரில் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையின் லிஸ்னர் மண்டபத்திலும் 1946-ல் கறுப்பர் உள்ளே வரக்கூடாதென்றார்கள். நடிக்க வந்த இன்கிரிட் பெர்க்மன் அதைப் பகிரங்கமாய்க் கண்டிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, இன்று சமத்துவ நாடகம் போடும் கலாசாலைத் தலைவர்களை நாம் கேட்பது: வேஷம் கட்டியவர்கள் இருக்கட்டும், எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார், அக்கலாசாலையில் இன்னும் இடம் கிடைக்காதவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தீர்களா?