படகு வாங்கினா போதுமா? அந்த மூடியை யார் பார்ப்பது?

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நம்ம ஆட்கள் பாடுவது ஒரே பல்லவி: "புதுப் படகு வாங்குங்க." 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் கள்ளக்குறிச்சி தத்தளித்தபோதும் அதே பேச்சுதான். என் வகுப்பு மேதை ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், "ஜெட் படகு வாங்கணும்டா. வெளியே விசிறி கிடையாது, பராமரிப்பும் கிடையாது" என்றார். எனக்கு வந்ததே கடுப்பு!

முதல் பாதி சரி. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950களில் ஜெட் படகை உருவாக்கியதே ஆழமில்லாத ஆறுகளுக்காகத்தான். தண்ணீரில் தத்தளிப்பவரின் காலை வெட்ட வெளியே விசிறி இல்லை.

இரண்டாம் பாதி சுத்தப் புளுகு. அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சுவதுதான் ஜெட். கல்வராயன் மலையிலிருந்து கோமுகி அடித்துவரும் சருகு, கொடி, நாம் வீசிய பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். அடைத்துக்கொண்டால் இன்ஜின் அலறும், படகு நகராது. அதைச் சுத்தம் செய்யத்தான் ஒரு துவாரம், அதற்கு ஒரு மூடி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் காற்று புகுந்து இழுவை போகும், இல்லையேல் படகுக்குள் தண்ணீர் வரும். மரை இறுகிவிட்டால் நடு வெள்ளத்தில் திறக்கவே முடியாது.

இன்ஜினை நிறுத்து, மூடியைத் திற, வளையத்தைப் பார், கிரீஸ் தடவு, இறுக்கி மூடு. அவ்வளவுதான் வேலை. ஆனால் இதற்கு ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க முடியாதே!

மொட்டைமாடியில் நிற்கும் பாட்டிக்குப் படகின் விலையா முக்கியம்? அது வந்து சேருமா என்பதுதானே! படகு கேட்கும்போதே அந்த மூடியைப் பார்க்க ஒரு ஆளையும் கேளுங்க மக்களே.